வழியை முடிவு செய்யுமுன் பலகாரத்தை முடிவு செய்யுங்கள்!

பள்ளிக்கூட விடுமுறை வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு பிரயாணப் பேச்சுதான். குலதெய்வம் கோயிலுக்குப் போக வேண்டும். தாத்தா பாட்டியைப் பார்க்க வேண்டும். கல்யாணத்துக்குப் போக வேண்டும். ஆளுக்கு ஒரு காரணம் இருக்கும்.

முன்பெல்லாம் வெளியூர் என்றால் ரெயிலுக்கோ பஸ்ஸுக்கோ மூட்டை கட்டுவார்கள். இப்போது சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் பெருகிவிட்டார்கள். கார் இல்லாதவர்கள் வாடகைக்கு வேன் பிடிக்கிறார்கள். பெரியவர், சிறியவர் என்று பத்துப் பன்னிரண்டு பேர் ஏறிக்கொள்கிறார்கள்.

புறப்படுவதற்கு முந்திய நாள் எல்லோரும் கூடி உட்கார்ந்து யோசனை செய்கிறார்கள். "எந்த வழியாகப் போனால் சீக்கிரம் போகலாம்?" இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்கிறார்கள். செல்போனைப் பார்க்கிறார்கள். அது ஒரு வழியைக் காட்டி, இத்தனை மணி நேரம் ஆகும் என்று கணக்குச் சொல்கிறது.

உடனே முடிவு பிறந்துவிடுகிறது. "ராத்திரி 12 மணிக்குப் புறப்பட்டால் காலை 8 மணிக்குப் போய்ச் சேரலாம். பலகாரத்தை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்!"

இது தவறான முடிவு. ஆபத்தான முடிவும்கூட.

செல்போனுக்கு ரோடு தெரியும். வண்டி ஓட்டுகிறவர் முந்திய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பது அதற்குத் தெரியாது. பின்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குச் சர்க்கரை வியாதி என்பது தெரியாது. மடியில் இருக்கும் குழந்தைக்கு எத்தனை மணிக்குப் பால் கொடுக்க வேண்டும் என்பதும் தெரியாது. அவை எல்லாம் நமக்குத்தான் தெரியும்.

ஆகவே, காலைப் பலகாரம் எங்கே, எத்தனை மணிக்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எந்த வழி, எப்போது புறப்படுவது என்பதெல்லாம் அதற்குப் பிறகு தானே வந்துவிடும். இது வயிற்றைப் பற்றிய பேச்சு அல்ல. உயிரைப் பற்றிய பேச்சு.

விடியற்காலைத் தூக்கம்

மனித உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. இரவு 2 மணியிலிருந்து காலை 6 மணி வரை, "படுத்துத் தூங்கு" என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். பழக்கப்பட்ட டிரைவராக இருந்தாலும் அதை ஏமாற்ற முடியாது. பகலில் சாப்பாட்டுக்குப் பிறகு 2 மணி முதல் 4 மணி வரையிலும் கொஞ்சம் கண்ணைச் சுற்றும்.

அந்த நேரத்தில் வண்டி ஓட்டுகிறவர் தம்மை அறியாமல் மூன்று நான்கு விநாடி கண்ணயர்ந்துவிடுவது உண்டு. கண் திறந்திருக்கும், மனம் உறங்கிவிடும். தாம் தூங்கினோம் என்பதே அவருக்குத் தெரியாது.

நான்கு விநாடிதானே என்று நினைக்காதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் 25 மீட்டர் ஓடுகிறது. நான்கு விநாடியில் 100 மீட்டர். அந்த 100 மீட்டரும் ஓட்ட ஆள் இல்லாத வண்டிதான். எதிரே பழுதாகி நிற்கும் லாரி ஒன்று இருந்தால் என்ன ஆகும்?

2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் இறந்தவர்கள் 17,884 பேர். எல்லாமே தூக்கத்தால் நேர்ந்தவை அல்ல. வேகம், குடி, கவனக் குறைவு என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் தூக்கத்தால் வரும் விபத்து ஒன்றை மட்டும் நம் வீட்டிலேயே, புறப்படுவதற்கு முந்திய நாளே தடுத்துவிடலாம். காசு செலவில்லை. புறப்படும் நேரத்தை மாற்றினால் போதும்.

முன்னோர் செய்த ஏற்பாடு

நம் முன்னோர்கள் வழிப் பிரயாணத்தைக் காதக் கணக்கில் பேசினார்கள். ஒரு காதம் என்றால் சுமார் பத்து மைல் என்பார்கள். அத்தோடு, எங்கே இளைப்பாறுவது என்பதையும் சேர்த்தே யோசித்தார்கள்.

கிராமத்து ரோட்டு ஓரங்களில் சுமைதாங்கிக் கல்லை இன்றும் சில இடங்களில் பார்க்கலாம். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். தலைச் சுமையோடு வருகிறவர், யார் உதவியும் இல்லாமல் சுமையை அதன்மேல் இறக்கி வைக்கலாம். கர்ப்பமாக இருந்தபோது இறந்துபோன பெண்ணின் நினைவாக அந்தக் கல்லை நாட்டுவது வழக்கம். இறந்தவள் பெயரால் வழிப்போக்கனுக்கு ஓய்வு கொடுத்தார்கள்.

1689-ம் ஆண்டில் மதுரையில் ஆட்சிப் பொறுப்பை ஏற்ற ராணி மங்கம்மாள் சாலைகளைப் போட்டதோடு நிற்கவில்லை. வழிப்போக்கர்கள் தங்கச் சத்திரங்களும் கட்டினார். அவர் பெயரால் மங்கம்மாள் சத்திரம் மதுரை ரெயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. சாலை என்றால் அதில் தங்கும் இடமும் சேர்ந்ததுதான் என்று அந்தக் காலத்திலேயே தெரிந்திருந்தது.

மாட்டு வண்டியில் போனவர்கள் மாட்டை அவிழ்த்துவிட்டுத் தண்ணீர் காட்டுவார்கள். மாடு களைத்தால் வண்டி போகாது என்று அவர்களுக்குத் தெரியும். மோட்டார் வண்டிக்குக் களைப்பு இல்லை. அதனால், ஓட்டுகிறவருக்கும் களைப்பு இல்லை என்று நாம் நினைத்துவிடுகிறோம்!

சென்னையிலிருந்து மதுரைக்கு

ஓர் உதாரணம் பார்ப்போம். சென்னையில் இருக்கும் ஒரு குடும்பம் மதுரைக்குப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். தூரம் சுமார் 460 கிலோமீட்டர்.

தாம்பரம், செங்கற்பட்டு, மதுராந்தகம், திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், திருச்சி, விராலிமலை, மேலூர் என்று போவது வழக்கமான வழி. பெரியவர்கள் இதை "45-ம் நம்பர் ரோடு" என்பார்கள். 2010-ம் ஆண்டில் இந்த நம்பரை மாற்றிவிட்டார்கள். இப்போது திண்டிவனம் வரை 32. அங்கிருந்து விழுப்புரம் வரை 132. அதற்கப்பால் மதுரை வரை 38. போர்டில் வேறு நம்பரைப் பார்த்து வழி தவறிவிட்டதாகப் பயப்பட வேண்டாம்.

முதல் நாள் இரவு 9 மணிக்கெல்லாம் எல்லோரும் படுத்துவிட வேண்டும். முக்கியமாக, ஓட்டுகிறவர் படுக்க வேண்டும். சாமான்களை மாலையிலேயே கட்டி வைத்துவிடுங்கள். காலை 4 மணிக்கு எழுந்தால் 5 மணிக்குப் புறப்படலாம்.

திண்டிவனம் சுமார் 125 கிலோமீட்டர். 7¼ மணிக்குள் அங்கே போய்விடலாம். அதுதான் பலகார நேரம். இரண்டு மணி நேரம் ஓட்டியவருக்கு ஓய்வு தேவைப்படும் நேரமும் அதுதான். முக்கால் மணி நேரம் தங்குங்கள். 8 மணிக்குப் புறப்பட்டால் 10 மணி சுமாருக்குப் பெரம்பலூர். அங்கே ஒரு காபி, இருபது நிமிஷ ஓய்வு. பகல் 1½ மணிக்கு மதுரைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

காலை 8 மணிக்கே போய்ச் சேர்ந்தவர்கள் அப்படி என்ன லாபம் கண்டார்கள்? இரவெல்லாம் விழித்த கண்ணோடு அறையில் படுத்துத் தூங்குவார்கள். மீனாட்சி அம்மன் கோயில் நடையைப் பகல் 12½ மணிக்குச் சாத்தி, மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். 1½ மணிக்கு வந்தவர் சாப்பிட்டு, இளைப்பாறி, குளித்துவிட்டு மாலைத் தரிசனத்துக்குச் சரியாகப் போய் நிற்கலாம்.

மார்கழி, தை மாதங்களில் செங்கற்பட்டுக்கு அப்பால் விடியற்காலையில் மூடுபனி இறங்கும். அந்த மாதங்களில் 6 மணிக்குப் புறப்படுவது நல்லது. அப்போது பலகாரத்தை மதுராந்தகத்திலோ மேல்மருவத்தூரிலோ வைத்துக்கொள்ளலாம்.

எந்த வழி நல்ல வழி?

வழி ஒன்று அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு.

மேலே சொன்ன ஜி.எஸ்.டி. ரோடு நேரான வழி. ஊருக்கு ஊர் ஓட்டல், பெட்ரோல் பங்கு, ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு. முதியவர்களும் குழந்தைகளும் இருந்தால் இதுவே நல்லது. பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என்று சுங்கச்சாவடிகள் வரும். பாஸ்டாக் கணக்கில் பணம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் கூடுதலாகக் கட்ட நேரும்.

இரண்டாவது, கடற்கரை ரோடு. திருவான்மியூர், மாமல்லபுரம், கல்பாக்கம், மரக்காணம் வழியாகப் புதுச்சேரி; அங்கிருந்து விழுப்புரம். இதில் போனால் சுமார் 30 கிலோமீட்டர் கூடுதல். ஆனால் கடல் காற்று உண்டு. மரக்காணத்து உப்பளங்களைக் குழந்தைகளுக்குக் காட்டலாம். மாமல்லபுரத்துக்கு அப்பால் பெரிய ஊர்கள் குறைவு. ஆகவே பலகாரம் புதுச்சேரியில்தான் என்று வைத்துக்கொள்ள வேண்டும். சிறு குழந்தைகளுக்கு அதற்கு முன் ஏதாவது கொடுத்துவிடுங்கள். புதுச்சேரியில் வண்டியை நிறுத்துவது பலகாரத்துக்காக மட்டுமே என்பதையும் ஆண்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது!

மூன்றாவது, பண்டிகை நாள் வழி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்திய நாட்களில் தாம்பரம் முதல் செங்கற்பட்டு வரை வண்டிகள் எறும்பு போல ஊரும். கிளாம்பாக்கத்தில் பஸ் நிலையம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்டது. தென் மாவட்டப் பஸ்கள் அங்கிருந்து புறப்படுவதால் பண்டிகைக் கூட்டமும் அங்கே சேருகிறது. அந்த நாட்களில் கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகச் செங்கற்பட்டை அடையலாம். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் இருப்பவர்கள் வெளிவட்டச் சாலையில் வந்து வண்டலூரில் சேர்ந்துகொள்ளலாம்.

எந்த வழியானாலும், 7 மணிக்கும் 8 மணிக்கும் இடையே எந்த ஊரில் இருப்போம் என்று பாருங்கள். அந்த ஊரில் நல்ல பலகாரமும், சுத்தமான கழிப்பறையும், வண்டி நிறுத்த இடமும் இருந்தால் அது நல்ல வழி. இல்லாவிட்டால், பத்து நிமிஷம் மிச்சமானாலும் அது நல்ல வழி அல்ல.

எந்த ஓட்டல்?

நான்கு வழிச் சாலை ஊர்களுக்கு வெளியே ஒதுங்கிப் போகிறது. ரோட்டை ஒட்டி விளக்கு அலங்காரத்தோடு நிற்கும் பெரிய ஓட்டல்களில் விலை கூடுதலாக இருக்கலாம். பக்கத்து ரோட்டில் இறங்கி ஊருக்குள் இரண்டு கிலோமீட்டர் போனால், உள்ளூர் மக்கள் தினமும் சாப்பிடும் ஓட்டல் இருக்கும். அங்கே இட்லி அவ்வப்போது வெந்து இறங்கும். கூட்டம் இருக்கும் இடத்தில் பண்டம் தேங்காது. அதுதான் முதல் அடையாளம்.

இரண்டாவது அடையாளம் கழிப்பறை. உட்கார்ந்து ஆர்டர் கொடுப்பதற்கு முன் வீட்டுப் பெண்கள் போய் அதைப் பார்த்துவரட்டும். சரியில்லை என்றால் எழுந்து அடுத்த ஓட்டலுக்குப் போங்கள். கூச்சப்பட வேண்டியது இல்லை. நம் பெண்களில் பலர், வழியில் இடம் கிடைக்காது என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் பிரயாணம் செய்கிறார்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் நீர்க்கடுப்பு வந்து தவிக்கிறார்கள். வெளியே சொல்வதும் இல்லை. குடும்பத் தலைவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சர்க்கரை வியாதிக்காரர்கள் ஊசியோ மாத்திரையோ போட்டுக்கொண்ட பிறகு ஆகாரம் தாமதமானால் மயக்கம் வரும். "இன்னும் பத்து கிலோமீட்டரில் நல்ல ஓட்டல் இருக்கிறது" என்று அவர்களை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். கையில் பிஸ்கட்டும் கொஞ்சம் சர்க்கரையும் எப்போதும் இருக்கட்டும்.

ஓட்டுகிறவர் நெய் வழியும் பொங்கலை வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது. பட்டினியும் கூடாது. மூன்று இட்லி, ஒரு வடை, ஒரு காபி போதும். செங்கற்பட்டு தாண்டியதுமே "கும்பகோணம் டிகிரி காபி" என்ற போர்டுகள் வரிசையாக வரும். பித்தளை டபரா டம்ளரில் காபி வரும். ருசித்துக் குடிக்கலாம். ஆனால் காபி குடித்தவுடன் தூக்கம் போய்விடாது. அது வேலை செய்ய இருபது, முப்பது நிமிஷம் ஆகும். கண் எரிந்தால், காபி குடித்துவிட்டு ஸீட்டைச் சாய்த்து இருபது நிமிஷம் தூங்கிவிட்டு ஓட்டுவதே சரி. பாட்டை உரக்க வைப்பதும், ஜன்னலைத் திறப்பதும் தூக்கத்துக்கு மருந்து அல்ல.

கட்டுச்சோறு கேவலம் அல்ல

பத்துப் பேர் ஓட்டலில் சாப்பிட்டால் பில் பெரிதாகத்தான் வரும். அதற்காகப் பலகாரத்தைத் தள்ளிப் போட வேண்டாம். இட்லியில் மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவி, வாட்டிய வாழை இலையில் கட்டிக்கொள்ளுங்கள். புளிச் சோறு மாலை வரை கெடாது. தேங்காய்ச் சட்டினி மட்டும் வேண்டாம். வெயிலில் சீக்கிரம் ஊசிப்போகும். காய்ச்சி ஆற வைத்த தண்ணீரையும் வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பது முக்கியம். நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்தவே கூடாது. நிற்கும் வண்டி என்று தெரியாமல் பின்னால் வந்து மோதும் விபத்துகள் நடக்கின்றன. ஊருக்குள் திரும்பி, கோயில் பக்கமோ குளக்கரையோ பார்த்து நிறுத்துங்கள். மதுராந்தகத்தில் பெரிய ஏரியும், ஏரி காத்த ராமர் கோயிலும் இருக்கின்றன. பக்கத்தில் வேடந்தாங்கல். நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே பறவைகள் வந்து தங்கும். குழந்தைகளுக்கு நூறு மைல் பிரயாணத்தைவிட அரை மணி நேரப் பறவைக் காட்சி நெஞ்சில் நிற்கும். சாப்பிட்ட இலையையும் பிளாஸ்டிக் பையையும் அங்கேயே போட்டுவிட்டு வராதீர்கள்.

டிரைவரும் மனிதர்தான்

வாடகை வண்டியில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை.

வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றதும், "தம்பி, நேற்று ராத்திரி தூங்கினாயா?" என்று கேளுங்கள். முந்திய நாள்தான் திருப்பதிக்கோ பெங்களூருக்கோ போய் வந்திருப்பார். வீட்டுக்குப் போய்ச் சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு வந்திருப்பார். ஒரு நாள் சவாரியை விட்டால் அன்றைய பேட்டா போய்விடும் என்பதால், "தூங்கினேன் சார்" என்றுதான் சொல்வார். முகத்தைப் பார்த்தால் உண்மை தெரியும். களைப்பாக இருந்தால் திண்ணையிலோ கூடத்திலோ பாயைப் போட்டு இரண்டு மணி நேரம் படுக்கச் சொல்லுங்கள். நல்ல நேரம் தவறிப்போகிறது என்று துரத்தாதீர்கள்.

பலகார நேரத்தில் குடும்பம் முழுவதும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடும். டிரைவர் வெளியே கண்ணாடி துடைத்துக்கொண்டு நிற்பார். இது அழகல்ல. அவரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கேட்டதை வாங்கிக் கொடுங்கள். நம் குழந்தைகளின் உயிர் அன்று முழுவதும் அவர் கையில் இருக்கிறது. இரவு தங்கும் இடத்திலும் அவருக்குப் படுக்க இடம் கேட்டு வாங்குங்கள். கொசுக்கடியில் வண்டிக்குள் சுருண்டு கிடந்தவர், மறுநாள் எப்படி விழிப்போடு ஓட்டுவார்?

1961-ம் ஆண்டில் பாராளுமன்றம் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தை நிறைவேற்றியது. தொழிலாளியை ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையே அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று அது சொல்லிற்று. சட்டத்தைக் காட்டி ஓய்வு கேட்கும் நிலையில் வாடகை வேன் டிரைவர் இல்லை. வண்டியில் ஏறிய நாம்தான் அதைக் கொடுக்க வேண்டும்.

சாலையை நடத்துவோர் கவனத்துக்கு

பொதுமக்களுக்கு மட்டும் புத்தி சொல்லி முடித்துவிட முடியாது. சுங்கச்சாவடியில் பணம் வாங்குகிறவர்களுக்கும் கடமை உண்டு. ஒவ்வொரு சாவடிக்கு அருகிலும் சுத்தமான கழிப்பறையும், குடிதண்ணீரும், வெளிச்சமுள்ள வண்டி நிறுத்தமும் இருக்க வேண்டும். கழிப்பறை கட்டியிருந்தால் போதாது. தண்ணீர் வர வேண்டும், கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்க வேண்டும். டிரைவர்கள் ஒரு மணி நேரம் படுத்து எழ ஒரு கூடம் வேண்டும்.

இரவு நேரத்தில் போலீசார் சில இடங்களில் வண்டிகளை நிறுத்தி, டிரைவர்களை முகம் கழுவச் செய்து, டீ கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் கழுவிய முகம் கொஞ்ச நேரத்தில் உலர்ந்துவிடும். படுக்க இடம் கொடுத்தால்தான் தூக்கம் தீரும். சுமைதாங்கிக் கல் நாட்டிய ஊர்களில் இது முடியாத காரியம் அல்ல.

இந்த விடுமுறைக்கு வெளியூர் கிளம்பும் குடும்பங்கள் புறப்படும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளட்டும். ஓட்டுகிறவர் நன்றாகத் தூங்கினாரா? காலைப் பலகாரம் எந்த ஊரில், எத்தனை மணிக்கு? அதற்கு ஏற்ற வழி எது? இந்த வரிசையிலேயே கேட்க வேண்டும். வரிசையை மாற்றக் கூடாது.

நாலு மணி நேரம் தாமதமாக வந்தார்கள் என்று எந்தக் குலதெய்வமும் கோபித்துக்கொள்ளாது. பேரப் பிள்ளைகள் முழுசாக வந்து சேர்ந்தால் போதும் என்றுதான் வாசலில் காத்திருக்கும் பாட்டியும் நினைப்பாள்.